ஜியென் தெங்வாங்கின் எட்டு விரலிடுக்குகள்

கீலுங் தபால் நிலையத்தில் ஜியென் தெங்வாங் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தார். அதில் இருபத்திரண்டு வருடம் அவருக்குக் கால் அரித்தது. முதல் இரண்டு வருடம் அரிக்கவில்லை. அப்போது அவரை உள்ளே முத்திரை குத்தும் மேஜையில் உட்கார வைத்திருந்தார்கள். கடைசி எட்டு வருடமும் அரிக்கவில்லை. அந்த எட்டு வருடம் எப்படி வந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் அவரைவிட ஒன்பது வயது இளையவன். பெயர் ஆதுங். கடிதம் பிரிக்கும் அறையில் அவருக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. கீலுங்கில் வருடத்துக்கு இருநூறு நாள் மழை பெய்யும். மீதி நாட்களில் பெய்யப் போவதுபோல் இருக்கும். தெங்வாங்கின் பகுதி துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள குன்று. அங்கே சைக்கிளும் ஏறாது, மோட்டார் சைக்கிளும் ஏறாது. மொத்தம் ஆயிரத்து நாற்பது படிகள். காலையில் ரப்பர் பூட்ஸுக்குள் போகும் கால் மாலையில்தான் வெளியே வரும். வரும்போது விரலிடுக்குகள் வெளுத்து, ஊறவைத்த கடலைத் தோல்போல் உரிந்துகொண்டிருக்கும்.

இந்தச் சேற்றுப்புண்ணை எங்கள் தீவில் 'ஹாங்காங் கால்' என்போம். தோல் டாக்டரிடம் அவர் போகாமல் இல்லை. டாக்டர் ஒரு களிம்பு கொடுத்து, நாலு வாரம் விடாமல் போடச் சொல்வார். பத்தாம் நாள் அரிப்பு நிற்கும். அன்றே தெங்வாங்கும் நிறுத்திவிடுவார். அரிப்பு திரும்பி வந்து தாங்க முடியாமல் போனால் மறுபடி டாக்டரிடம் போவார். அவருடைய மேஜை இழுப்பறையில் பத்தொன்பது களிம்புக் குழாய்கள் இருந்தன. எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பிதுக்கியவை.

அரிப்பைவிடக் கூச்சம்தான் அவரை அதிகம் வாட்டியது. எங்கள் ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். எனவே அவர் யார் வீட்டுக்கும் போவதில்லை. புத்தாண்டுக்கு உறவினர் அழைத்தால் ஜலதோஷம் என்பார். என் கல்யாணத்துக்கு மண்டபத்துக்கு வந்தார், வீட்டுக்கு வரவில்லை. இருபது வருடமாக நண்பராக இருந்தும் என் வீட்டுச் சுவர் என்ன நிறம் என்று அவருக்குத் தெரியாது. அவர் மனைவி யூயே கோயில் வாசலில் மீன் உருண்டை சூப் கடை வைத்திருந்தாள். அவள் இதற்காக அவரைத் திட்டுவதை எப்போதோ நிறுத்திவிட்டாள்.

எண்பத்தைந்தாம் வருடம் மார்ச் மாதம் அவர்களுடைய ஒரே மகள் பிசியாவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. பையன் சான்வான் பக்கம் எண்ணெய் ஆலை வைத்திருக்கும் பெங் என்பவரின் மகன். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகும்போது ஒற்றைப்படையில் போகக் கூடாது. பெற்றோர், பெண், யூயேயின் தம்பி, தம்பி மனைவி என்று ஐந்து பேர்தான் இருந்தார்கள். ஆறாவது ஆளாக என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். அதனால் நடந்ததை நேரில் பார்த்தேன்.

பெங்கின் வீட்டில் தரை முழுக்கப் பாய் விரித்திருந்தது. வாசலில் எங்களுக்காக, வீட்டுக்குள் போடும் ஆறு ஜோடி புதுச் செருப்புகளை வரிசையாக வைத்திருந்தார்கள். ஐந்து பேர் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். தெங்வாங் கேக் பெட்டியைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்க சம்பந்தி," என்றார் பெங். கட்டையான, குரல் பெருத்த மனிதர்.

"பரவாயில்ல. இங்க காத்து நல்லா வருது."

"டீ ஆறிடும்."

"ஆறின டீதான் எனக்குப் பிடிக்கும்."

பெங் ஹக்கா பேசுகிறவர். தெங்வாங்குக்கு அது வராது. தெங்வாங்கின் ஹொக்கியென் பெங்குக்கு அரைகுறை. ஆகவே இருவரும் பள்ளிக்கூட மாண்டரினில் பேசிக்கொண்டார்கள். அந்த மொழியில் கோபமும் மரியாதையாகத்தான் வரும். இருபது நிமிடம் கழித்து பெங் மறுபடி வாசலுக்கு வந்தார். அவர் காது சிவந்திருந்தது.

"வீடு உங்களுக்குத் திருப்தி இல்லையோ?"

"ரொம்ப நல்ல வீடு."

"அப்ப எங்க குடும்பம்?"

"குடும்பமும் நல்லாத்தான் இருக்கு."

"பொண்ணு கொடுக்க மனசில்லைன்னா நேரா சொல்லிடுங்க சம்பந்தி. கேக் பெட்டியைப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல நிக்க வேண்டாம்."

உள்ளிருந்து பிசியா எழுந்து வந்தாள். மாப்பிள்ளை வீட்டில் பெண் குரல் உயர்த்தக் கூடாது என்று யூயே ரயிலில் மூன்று மணி நேரம் சொல்லிக்கொண்டு வந்திருந்தாள்.

"அப்பாவுக்கு ஹாங்காங் கால்!" என்றாள் பிசியா, தெருவுக்கே கேட்கும்படி. "ஷூவைக் கழட்டினா வீடே எழுந்து ஓடிரும். அதான் நிக்கிறாரு. போதுமா?"

தெங்வாங் கேக் பெட்டியைக் கீழே வைத்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்போது பெங் ஒரு பெரிய சிரிப்புச் சிரித்தார்.

"இவ்வளவுதானா? அடக் கடவுளே! யார் வீட்டு வாசல்ல நிக்கிறீங்கன்னு தெரியுமா உங்களுக்கு?"

உள்ளே போய் மூன்று பாட்டில்களோடு வந்தார். அவர் ஆலையில் ஆட்டுவது கசப்புத்தேயிலைக் கொட்டை எண்ணெய். பாட்டிலின் லேபிளை விரலால் தொட்டு உரக்கப் படித்தார். வயிற்று எரிச்சல், தலைமுடி, தீக்காயம், பிரசவித்த பெண்களுக்குத் தெம்பு, ஹாங்காங் கால்.

"எங்க அப்பா காலத்துலேருந்து இதே லேபிள்தான். கல்யாணம் வருஷக் கடைசில, கொட்டை ஆட்டி முடிச்சப்புறம். அன்னிக்கு நீங்க வெறுங்காலோட உள்ள வந்து டீ குடிக்கிறீங்க."

அப்படித்தான் சம்பந்தம் முடிவானது. டீயை வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். சூடாக இருந்தது, அதையும் குடித்தார்.

தெங்வாங் மூன்று வாரம் அந்த எண்ணெயைத் தடவினார். வழக்கமாகக் களிம்பு வாங்கிய நாளில் எப்படி அரிக்குமோ அப்படியே அரித்தது. யூயே அதே பாட்டிலிலிருந்து எடுத்து மெல்லிய நூடுல்ஸில் ஊற்றிக் கிளறினாள்.

"என்ன செய்ற நீ? அது கால்ல தடவுறது."

"லேபிள்ல வயிறும் இருக்கு. கால் கடைசில வருது, வயிறு முதல்ல வருது. அப்ப யாருக்கு முதல் உரிமை?"

"நான் விரலை விட்டு எடுத்த பாட்டில் அது."

யூயே நூடுல்ஸைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு தட்டை அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.

எண்ணெய் வேலை செய்யவில்லை என்று சம்பந்தியிடம் சொல்ல அவருக்கு நா எழவில்லை. வேலை செய்கிறது என்று பொய் சொல்லவும் வரவில்லை. ஒரு வீட்டுக் கடிதத்தை இன்னொரு வீட்டில் போட்டுவிட்டால் அன்று முழுக்கச் சாப்பிடாத மனிதர் அவர். கொஞ்ச நாள் கவலையோடு உட்கார்ந்திருந்தார். ஒரு காலை கடிதங்களைப் பிரித்து அலமாரிக் கட்டங்களில் போட்டுக்கொண்டிருந்தபோது கையை நிறுத்தினார்.

"ஆதுங், ஒரு காலுக்கு விரலிடுக்கு எத்தனை?"

"அஞ்சு."

"விரல்தான் அஞ்சு. இடுக்கு நாலு. ரெண்டு காலுக்கும் எட்டு."

"சரி. அதுக்கு?"

"எட்டுக் கட்டம் இருக்குன்னு வச்சுக்க. எட்டுலயும் ஒரே கடிதத்தைப் போட்டா எது சரியான விலாசம்னு எப்படித் தெரியும்?"

அவர் சொன்னது எனக்கு அப்போது புரியவில்லை. ஒரு வாரத்தில் புரிந்தது. ஏழு இடுக்குக்கு ஏழு விதை எண்ணெய், எட்டாவதுக்கு ஒன்றுமில்லை. இடது காலில் பெருவிரல் பக்கத்திலிருந்து தேயிலைக்கொட்டை எண்ணெய், நல்லெண்ணெய், கடலை எண்ணெய், விளக்கெண்ணெய். வலது காலில் கடுகெண்ணெய், வேப்பெண்ணெய், படகுப் பலகைக்குப் பூசும் துங் எண்ணெய். வலது சுண்டுவிரல் இடுக்கு வெறுமனே.

நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் யூயேயின் சமையல் மேடையிலிருந்து போயின. விளக்கெண்ணெய் மருந்துக் கடையில் கிடைத்தது. கடுகெண்ணெயும் வேப்பெண்ணெயும் துறைமுகத்தில் நின்ற ஒரு இந்தியக் கப்பலின் சமையல்காரரிடமிருந்து வந்தன. தெங்வாங் அந்தக் கப்பலுக்குக் கடிதக் கட்டு கொண்டுபோனபோது, பூட்ஸைச் சுட்டிக்காட்டி, சொறிகிற மாதிரி செய்துகாட்டினார். சமையல்காரர் உடனே உள்ளே போய் இரண்டு சீசாக்களோடு வந்தார். வேப்பெண்ணெயைக் கொடுக்கும்போது ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சைகைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. துங் எண்ணெயைப் படகு பழுது பார்க்கும் கடையில் வாங்கினார்.

காலையில் வேலைக்கு முன்பும் மாலையில் முடிந்த பிறகும் காலைக் கழுவுவார். எட்டுத் துண்டுத் துணிகளால் எட்டு இடுக்கையும் தனித்தனியாகத் துடைப்பார். தலைமுடி உலர்த்தும் கருவியைப் பத்து நிமிடம் காலுக்குக் காட்டுவார். பிறகு எட்டுப் பஞ்சுக் குச்சிகள். சாக்ஸும் தினம் இரண்டு ஜோடி. எல்லாவற்றையும் ஒரு பழைய ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிவைத்தார். கடிதம் பிரிக்கும் அறையில் வாசனை பற்றிப் புகார் வந்தது. புகார் கொடுத்தவன் நான்தான்.

"தெங்வாங் அண்ணே, இன்னிக்கு எந்த இடுக்கு இப்படி நாறுது?"

"வலது ரெண்டு. இந்தியா."

"போஸ்ட் மாஸ்டர் எலி செத்துக் கிடக்குன்னு தேடச் சொல்லியிருக்காரு."

"தேடட்டும். கிடைக்காது."

நாலாம் நாள் கடுகெண்ணெய் இடுக்கு நெருப்பாக எரிந்தது. அன்று அவர் அறுநூறாவது படியில் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றி, மழைக்குக் காலைக் காட்டிக்கொண்டிருந்தாராம். பதிவுத் தபால் வாங்க வந்த ஒரு கிழவர் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாராம். ஒன்பதாம் நாள் துங் எண்ணெய் இடுக்கில் கொப்புளம் கிளம்பியது. பலகைக்குப் பூசுவதைத் தோலில் பூசக் கூடாது என்று மருந்துக் கடைக்காரர் சொன்னார். தெங்வாங் அந்தக் கட்டத்தை அடித்துவிட்டு 'படகுக்கு மட்டும்' என்று எழுதினார்.

ஆறு வாரம் ஆனது. புத்தகத்தை என்னிடம் நீட்டினார். தேயிலைக்கொட்டை எண்ணெய் போட்ட இடுக்கு தேறியிருந்தது. நல்லெண்ணெயும் தேறியிருந்தது. கடலை, விளக்கெண்ணெய், கடுகெண்ணெய், வேப்பெண்ணெய், எல்லாமே பாதிக்கு மேல் தேறியிருந்தன. எதையும் போடாத வலது சுண்டுவிரல் இடுக்கும் அதே அளவு தேறியிருந்தது.

"அப்ப ஒண்ணுமில்லாததும் மருந்தா அண்ணே?"

"அதான் எனக்கும் குழப்பமா இருக்கு."

அன்று மாலை பெங் தொலைபேசியில் கூப்பிட்டார். யூயே கடையில் இருந்த போன் அது. சுற்றிலும் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள்.

"கால் எப்படி இருக்கு சம்பந்தி?"

"நல்லா இருக்கு," என்றார் தெங்வாங். அது உண்மைதான்.

"பாத்தீங்களா! நான் சொன்னேன் இல்ல!" பெங்கின் குரல் சூப் குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டது. "உங்க பேரையும் போட்டோவையும் லேபிள்ல போட்டுக்கட்டுமா? கீலுங் தபால்காரர் குணமானார்னு?"

தெங்வாங் போனை வைத்துவிட்டு ஒரு கிண்ணம் சூப்பைக் குடிக்காமல் ஆறவிட்டார்.

அவருடைய பகுதியில், குன்றின் உச்சியில், ஒரு கல்லூரி இருந்தது. அங்கே ருவான் என்ற பெண் உணவைக் கெடுக்கும் பூஞ்சைகளைப் பற்றிப் பாடம் எடுத்தார். அவருக்கு வரும் பதிவுப் பொட்டலங்களைத் தெங்வாங் பதினோரு வருடமாக அறை வாசலில் நின்று கொடுத்துவந்தார். ஒரு நாள் கையெழுத்து வாங்கிய பிறகும் அவர் போகவில்லை.

"டீச்சர், ஒரு சந்தேகம். கேக்க வெக்கமா இருக்கு."

"கேளுங்க ஜியென் அண்ணே."

அவர் கேட்கவில்லை. ரசீதுப் புத்தகத்தை நீட்டினார். ருவான் டீச்சர் நின்றபடியே படிக்க ஆரம்பித்து, பிறகு உட்கார்ந்து படித்தார். சிரிக்கவில்லை. அதுதான் தனக்கு மறக்கவில்லை என்று தெங்வாங் பின்னால் சொன்னார்.

"எட்டாவது இடுக்கையும் மத்த ஏழு மாதிரியே கழுவித் துடைச்சு உலர்த்தினீங்களா?"

"ஆமா. அதுக்கு மட்டும் வஞ்சனை பண்ணக் கூடாதில்ல?"

"இதுக்கு முன்னாடி எப்பவாவது அப்படி உலர்த்தினதுண்டா?"

அவர் யோசித்தார். "இல்ல."

"இருபத்திரண்டு வருஷத்துல?"

"நேரம் கிடைக்கல டீச்சர்."

"எல்லாம் தேறினது அதனாலதான்னு தோணுது. எண்ணெய் என்ன பண்ணுச்சுன்னு இதை வச்சுச் சொல்ல முடியாது. ஷூவைக் கழட்டுங்க."

இருபத்திரண்டு வருடத்தில் மனைவி, டாக்டர், படியில் குடை பிடித்த கிழவர் தவிர வேறு ஒருவர் முன்னால் அவர் ஷூவைக் கழற்றியது அன்றுதான். ருவான் டீச்சர் மழுங்கிய கத்தியால் நாலாவது இடுக்கில் கொஞ்சம் சுரண்டி எடுத்தார். மூன்று வாரத்தில் அது கண்ணாடித் தட்டில் வளர்ந்தது. மேலே வெள்ளைப் பஞ்சு, தட்டைத் திருப்பிப் பார்த்தால் அடியில் அடர்ந்த சிவப்பு.

"இதுதான் எனக்குள்ள இருந்ததா?"

"உள்ள இல்ல. உங்க மேல இருந்தது."

தட்டில் பூஞ்சைக்குப் போடும் உணவிலேயே ஒவ்வொரு எண்ணெயையும் கலந்து பார்ப்பதாக டீச்சர் சொன்னார். சும்மா மேலே ஊற்றினால் எண்ணெய் தனியாக மிதக்கும், ஒன்றும் தெரியாது. தெங்வாங் வீட்டில் வந்து இதைச் சொன்னபோது யூயே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் பிழிந்த பிறகு மிஞ்சும் தேயிலைக்கொட்டைப் பிண்ணாக்கைத் தூளாக்கித்தான் அவள் பாத்திரம் தேய்ப்பாள். தண்ணீர் பட்டால் சோப்புபோல் நுரைக்கும். பெங் அதை மூட்டையாகச் சும்மா அனுப்பியிருந்தார்.

"என் கையைப் பாருங்க," என்றாள். "விடிஞ்சதுலேருந்து தண்ணிலதான் கிடக்குது. ஒரு புண்ணு உண்டா? அந்த டீச்சர்கிட்ட இதையும் கொண்டு போய்க் கொடுங்க."

"இது பிண்ணாக்கு."

"உங்க மூளையைவிட மேல்."

ஒரு பொட்டலம் பிண்ணாக்குத் தூளும் கல்லூரிக்குப் போனது.

பதில் ஆகஸ்ட் கடைசியில் வந்தது. தேயிலைக்கொட்டை எண்ணெய் கலந்த தட்டில் பூஞ்சை விளிம்புவரை வளர்ந்திருந்தது. நல்லெண்ணெய், கடலை எண்ணெய்த் தட்டுகளிலும் அப்படியே. விளக்கெண்ணெயில் கொஞ்சம் மெதுவாக. கடுகெண்ணெயில், அதன் காரநெடி இருந்தவரை அடங்கிக் கிடந்துவிட்டு, நெடி போனதும் கிளம்பியது. வேப்பெண்ணெயில் பாதிதான் வளர்ந்தது. துங் எண்ணெய்த் தட்டு வார்னிஷ்போல் இறுகிவிட்டதால் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. பிண்ணாக்கை ஊறவைத்து வடித்த தண்ணீர் கலந்த தட்டில் ஒன்றுமே இல்லை. ஒரு புள்ளிகூட இல்லை.

"நுரைக்கிற சத்து பிண்ணாக்குல தங்கிடுது. எண்ணெய்க்கு அது வர்றதே இல்ல," என்றார் டீச்சர். "ஆனா ஒண்ணு அண்ணே. தட்டு வேற, கால் வேற. இந்தத் தண்ணியையே நம்பிக் காலை விட்டுடாதீங்க. அந்தக் களிம்பை நாலு வாரம் முழுசா போடுங்க. பத்து நாள் இல்ல, நாலு வாரம்."

"டாக்டரும் அப்படித்தான் சொன்னாரு."

"எத்தனை தடவை?"

"பத்தொன்பது தடவை," என்றார்.

இந்த முறை நாலு வாரமும் போட்டார். இருபத்தெட்டுக் கட்டம் கோடு போட்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். அக்டோபர் முதல் வாரத்தில் கால் சுத்தமாக இருந்தது.

மிச்சமிருந்தது சம்பந்தி விவகாரம். யூயே பேசாமல் இருக்கச் சொன்னாள். பிசியா அழுதாள். "கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் இருக்கப்ப, மாமனார் எண்ணெய் வேலைக்காகாதுன்னு நீங்க போய்ச் சொல்லணுமா? வேற வேலையே இல்லையா உங்களுக்கு?" நானும் என் பங்குக்கு, லேபிளில் போட்டோ வந்தால் ஊரில் ஒரு மதிப்பு வரும் என்று சொல்லிப் பார்த்தேன்.

"வேலை செய்யாதது வேலை செய்யுதுன்னு என் மூஞ்சியைப் போட்டு விப்பாங்க," என்றார் தெங்வாங். "அதைப் பொட்டலமா கட்டி நம்ம ஆபீஸ் வழியாத்தான் அனுப்புவாங்க. நானே படியேறிக் கொண்டுபோய்க் கொடுக்கணும்."

பெங்குக்குக் கடிதம் எழுதினார். எழுதியதை மூன்று நாள் பையில் வைத்துக்கொண்டு சுற்றினார். நாலாம் நாள் பெட்டியில் போட்டார்.

பெங் பதில் எழுதவில்லை. ஒரு வாரம் கழித்து ஆளே வந்து இறங்கினார், கையில் அந்த வருடத்துப் புது எண்ணெய் ஒரு பாட்டிலோடு. தெங்வாங்கும் நானும் அவரை ஆயிரத்து நாற்பது படியும் ஏற்றிக் கல்லூரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். வழியில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. முந்நூறு படிக்குப் பிறகு பேச நினைத்தாலும் முடிந்திருக்காது.

ருவான் டீச்சர் தட்டுகளை மேஜையில் வரிசையாக வைத்தார். பெங் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"எங்க எண்ணெய் எது?"

டீச்சர் காட்டினார். பெங் குனிந்து வெகுநேரம் பார்த்தார். வெள்ளைப் பஞ்சு தட்டின் மூடியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"நல்லா வளந்திருக்கு," என்றார்.

தட்டைத் திருப்பி அடியிலிருந்த சிவப்பையும் பார்த்தார்.

"எங்க எண்ணெயைச் சாப்பிட்டா எதுவும் நல்லா வளரும். பிரசவமான பொண்ணுங்களுக்குக் கொடுக்கிறதே அதுக்குத்தானே." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இந்தக் காலித் தட்டு?"

"காலி இல்லைங்க. அது உங்க பிண்ணாக்குத் தண்ணி."

பெங் நிமிர்ந்தார். அன்று முதல் தடவையாகத் தெங்வாங்கின் முகத்தைப் பார்த்தார். "மூட்டை மூட்டையா சும்மா கொடுத்துக்கிட்டிருக்கேன் சம்பந்தி. மிச்சத்தை ரோட்டுப் பள்ளத்துல கொட்டுறேன்."

"தெரியும்," என்றார் தெங்வாங். "எங்க வீட்டுக்கும் வந்துச்சு."

பெங் டீச்சரிடம் நிறையக் கேட்டார். பிண்ணாக்குத் தண்ணீரை லேபிள் போட்டு விற்கலாமா என்று கேட்டபோது, காலில் சோதிக்காமல் விற்கக் கூடாது என்று டீச்சர் சொன்னார். எத்தனை காலில் சோதிக்க வேண்டும் என்று கேட்டார். குறைந்தது நூறு என்றார் டீச்சர். பெங் தெங்வாங்கின் காலைப் பார்த்தார். இது இரண்டுதான்.

இறங்கும்போது பாதிப் படியில் பெங் நின்று கைப்பிடிச் சுவரில் சாய்ந்தார்.

"எங்க அப்பா பொய் சொல்ற ஆள் இல்ல," என்றார்.

"இல்லதான். அவரும் எண்ணெயைத் தடவுறப்ப காலைக் கழுவித் துடைச்சிருப்பாரு. அதுல சரியாயிருக்கும். எனக்கும் அப்படித்தான் ஆச்சு."

பெங் தலையாட்டினார். மழை வலுத்தது. தெங்வாங் தன் மழை அங்கியின் ஒரு பாதியை அவர் தலைமேல் இழுத்துப் போட்டார். இரண்டு பேரும் ஒரே அங்கிக்குள் ஒட்டிக்கொண்டு இறங்கினார்கள். எண்ணெய் பாட்டிலை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். அன்று மதியம் யூயே அதில் நூடுல்ஸ் கிளறினாள். பெங் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.

டிசம்பரில் கல்யாணம் நடந்தது. தெங்வாங் பெங் வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றினார், சாக்ஸையும் கழற்றினார். சாக்ஸைக் கழற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. குளிர் நாள், பாயில் வெறுங்காலோடு உட்கார்ந்து டீ குடித்தார். ஒருவரும் அவர் காலைக் கவனிக்கவில்லை. அவர் அடிக்கடி குனிந்து தானே பார்த்துக்கொண்டார்.

புது வருடத்தில் பிசியாவிடமிருந்து அம்மாவுக்குக் கடிதம் வந்தது. புகுந்த வீட்டில் தனக்குக் கிடைத்த முதல் வேலை என்ன தெரியுமா என்று எழுதியிருந்தாள். அச்சடித்து வைத்திருந்த நாலாயிரம் லேபிள்களில் 'ஹாங்காங் கால்' என்ற வரியைத் தூரிகையால் கறுப்பாக அடிப்பது. மாமனாரும் பக்கத்தில் உட்கார்ந்து அடித்தாராம். கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அந்தக் கறுப்பு வரியைச் சுட்டிக்காட்டி, இது எதற்கான மருந்து, ஏன் மறைக்கிறீர்கள் என்று கேட்கிறார்களாம். இல்லை என்று எவ்வளவு சொன்னாலும் கண் சிமிட்டிவிட்டு இரண்டு பாட்டிலாக வாங்கிக்கொண்டு போகிறார்களாம்.

இந்த ஆராய்ச்சியை ருவான் டீச்சர் ஒரு கூட்டத்தில் இரண்டு பக்கமாகப் படித்தார். அதில் தெங்வாங்கின் பெயர் இல்லை. பூஞ்சை எங்கே கிடைத்தது என்ற இடத்தில் 'தபால் ஊழியர், ஆண், 51, இடது கால், நாலாவது விரலிடுக்கு' என்றிருந்தது. அந்த வரியை அவர் கத்தரித்துப் பணப்பையில் வைத்துக்கொண்டார்.

பூஞ்சையை டீச்சர் தூக்கி எறியவில்லை. சோதனைக் குழாயில் போட்டு, எண் ஒட்டி, குளிர்பெட்டியில் வைத்திருந்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புது உணவுக்கு மாற்றுவார். கால் குணமான பிறகும் தெங்வாங் பொட்டலம் கொடுக்கப் போகும்போதெல்லாம் விசாரிப்பார்.

"எப்படி இருக்கு டீச்சர்?"

"நல்லா இருக்கு."

"சாப்பிடுதா?"

"சாப்பிடுது."

அந்தக் காலத்தில்தான் அவர் என் வீட்டுக்கு முதல் தடவையாக வந்தார். ஷூவைக் கழற்றிவிட்டு அறை அறையாகப் போய்ப் பார்த்தார். சுவர் நிறம் நன்றாக இல்லை என்றார்.

தொண்ணூறாம் வருடம் ருவான் டீச்சர் தைனானில் ஒரு கல்லூரிக்கு மாறிப் போனார். அவசரத்தில் அந்தப் பூஞ்சைக் குழாய் இங்கேயே தங்கிவிட்டது. அதை அனுப்பிவைக்க முடியுமா என்று தெங்வாங்குக்கு எழுதினார். அவர் கல்லூரிக்குப் போய்க் கேட்டு வாங்கி, டீச்சர் எழுதியிருந்த முறைப்படியே பஞ்சில் சுற்றி, தகர டப்பாவில் அடைத்து, டப்பாவைப் பெட்டியில் வைத்துக் கட்டினார். பட்டுவாடாவுக்குக் கிளம்பும் முன் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் ஜன்னலில் வைத்தார். அப்போது நான் பதிவுத் தபால் ஜன்னலில் இருந்தேன்.

"உள்ள என்ன?" என்று கேட்டேன். கேட்க வேண்டியது என் வேலை.

"என்னோடது," என்றார்.

படிவத்தில் 'கல்லூரிச் சோதனை மாதிரி' என்று எழுதி, எடை போட்டு, முத்திரை குத்தினேன். உடையக்கூடியது என்ற சிவப்புத் தாளை அவரே வாங்கி நாலு பக்கமும் ஒட்டினார். ஒன்று போதும் என்றேன். கேட்கவில்லை.

எட்டாம் நாள் தைனானிலிருந்து ஒரு அட்டை வந்தது. வந்து சேர்ந்தது, வளர்கிறது என்று இரண்டே வரி. பிரித்துக்கொண்டிருந்த கடிதங்களுக்கு நடுவே என் கையில் அகப்பட்டது. பக்கத்து நாற்காலியில் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தவரிடம் நீட்டினேன். படித்தார். திருப்பி ஒரு தடவை படித்தார்.

"தைனான்ல மழை கம்மி," என்றார். "அதுக்கு ஒத்துக்குமான்னுதான் யோசனையா இருந்துச்சு."

அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்து, கடிதப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படிகளை நோக்கி நடந்தார்.